அப்பாவுக்குக் கேட்காத 1000 வாட்ஸ்

கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் யாரும் வருத்தப்படக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டிடத்திலேயே இருக்கும் நம்மூர் நண்பர் ஒருவர் வந்தார். "சார், போனஸ் வந்திருக்கு. அந்தப் பழைய ஸ்டீரியோவைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு லாமிங்டன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். மும்பைக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் தவணையும் போட்டு, ஒரு 5.1 செட் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தது. டாக்ஸியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி.

அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்தார். இலங்கை வானொலி கேட்டே வளர்ந்த மனுஷர். பெருமையாக டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முடிந்ததும் சொன்னார்: "எய்யா, கொட்டுச் சத்தம் நல்லாக் கேக்கு. என்ன படிக்காருன்னுதான் வெளங்கல."

மூன்றாம் நாளிலிருந்து தன் பழைய டிரான்ஸிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார ஆரம்பித்தார். 1000 வாட்ஸ் ஹாலில் தூங்கியது.

எனக்குக் கோபம் வந்தது, அப்பா மேல். காது மந்தம், வயசாயிடுச்சு என்று நினைத்தேன். தப்பு அவர் காதில் இல்லை, நான் வாங்கிய சாமானில்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

வாட்ஸ் என்னும் புளுகு

முதலில் அந்த 1000 வாட்ஸ். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். என்னுடையதில் 230 வோல்ட், 65 வாட்ஸ் என்று இருந்தது. சுவரிலிருந்து 65 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 1000 வாட்ஸ் எப்படி ஐயா கொடுக்கும்? பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட நிற்காத ஒரு உச்சத்தைக் கற்பனையாகப் போட்ட கணக்கு. அதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொருவரும் இஷ்டத்துக்குப் போடுவார்கள். அமெரிக்காவில் இந்த மாதிரிப் புளுகு தாங்காமல் 1974-லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆம்ப்ளிஃபையருக்கென்று தனி விதி போட்டது. 2024-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, எட்டு ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் என்கிற ஆர்.எம்.எஸ். கணக்கை மட்டும்.

அதிலும் எத்தனை வேண்டும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் சத்தம் தரும். நாம் பேசிக்கொள்வது 60 டெசிபெல் சுமார். ஆக, நம் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஒரே ஒரு வாட்டுக்கே பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுவார். :-) 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கு' என்று தோன்றும், அவ்வளவுதான். இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அந்த 3 டெசிபெலுக்குத்தான் கடைக்காரர் இன்னொரு மாசச் சம்பளம் கேட்கிறார்.

கடையில் நடக்கும் நாடகம்

கடையில் ஒரு பாட்டு போடுவார்கள். பெரும்பாலும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', அதுவும் அந்த 1994 மேடைப் பதிவு. ஆரம்பத்தில் வரும் அந்தக் கொட்டு நெஞ்சில் இடித்ததும் நாம் கிரெடிட் கார்டை நீட்டிவிடுவோம். அடுத்தடுத்து இரண்டு செட்டைப் போட்டுக் காட்டும்போது, விலை கூடின செட்டின் சத்தம் மயிரிழை கூடுதலாக இருந்தாலே போதும், அதுதான் 'தெளிவு' என்று நம் காது தீர்ப்பு சொல்லிவிடும். இது காதின் இயல்பு.

1987-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. மலிவான ரிசீவரிலிருந்து பல ஆயிரம் டாலர் ஆம்ப்ளிஃபையர் வரை வைத்து, சத்தத்தைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் வித்தியாசம் உண்டு என்று அடித்துப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். கடைசியில் பார்த்தால், எல்லாரும் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்குத்தான்.

"அப்ப எல்லா ஆம்பும் ஒண்ணா?" என்று ஒருவர் சண்டைக்கு வருவார். வாருங்கள். நாலு ஓமுக்குக் கீழே இறங்குகிற, சத்தம் குறைவாகத் தருகிற ஸ்பீக்கரை நோஞ்சான் ஆம்ப்ளிஃபையரில் மாட்டி முழுசாகத் திருகினால் சத்தம் உடைந்து கரகரக்கும். அது உண்மை. அதனால்தான் ஸ்பீக்கரை முதலில் எடு, அதை இழுக்கிற ஆம்ப்ளிஃபையரை அப்புறம் எடு என்கிறேன். நல்ல ஆம்ப்ளிஃபையரின் குறை ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நல்ல ஸ்பீக்கர்கூட அடித்தளச் சத்தத்தில் ஒரு சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். குறை எங்கே அதிகமோ அங்கேதானே காசைக் கொட்ட வேண்டும்? பத்து ரூபாய் இருந்தால் ஏழு ரூபாய் ஸ்பீக்கருக்கு.

ஒயருக்குத் தங்க முலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு என்று ஆயிரங்களில் விற்கிறார்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், ஐந்து மீட்டர் போக வர, 0.1 ஓமுக்கும் குறைவு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு.

இரண்டு போதும்

நம் பாட்டுகள் 'ரோஜா'வுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் கேசட்டாகவும் சி.டி.யாகவும்தான், அதாவது அதிகபட்சம் இடம் வலம் என்று இரண்டு தடம். அதை ஐந்து குட்டி டப்பாவுக்குப் பிரித்துக் கொடுத்தால் பாடகர் குரல் ஹால் முழுக்க அலையும். அந்தக் கைப்பிடி அளவு டப்பாவால் ஆண்குரலின் அடிப்பகுதியைத் தூக்க முடியாது. அதை மூலையில் கிடக்கும் வூஃபரிடம் தள்ளிவிடும். வூஃபரின் குமுறலோ மெல்லிய மெய்யெழுத்துகளை அமுக்கிவிடும். வயசான காதுக்கு ஏற்கெனவே மேல்ஸ்தாயி குறைந்திருக்கும். ச போன்ற மெய்யெழுத்துகள் அங்கேதான் வாழ்கின்றன. அப்பாவுக்குக் கொட்டு கேட்டு வார்த்தை கேட்காத மர்மம் இவ்வளவுதான்.

கடைசியாக வீடு. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடிக் கதவு. ஹால் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று திரும்பி வந்தால், பத்து லட்சம் ரூபாய் செட்டுக்கும் அதே 'டிர்ர்ர்'தான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளத்தை விரியுங்கள், கனமான திரை போடுங்கள், புத்தக அலமாரியை ஹாலுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பீக்கரை ஷோகேஸ் உச்சியில் சாமி படம் மாதிரி வைக்காதீர்கள். மூலையை விட்டு, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வையுங்கள். இதற்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். ஊரில் தெருவே தமிழ் பேசும். இங்கே லிஃப்டில் இந்தி, காய்கறிக்காரரிடம் மராத்தி, பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம். நம்மோடு வந்து இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பகல் முழுக்கப் பேச்சுத்துணை அந்தப் பாட்டுப்பெட்டிதான். நம் பிள்ளைகளுக்கு ழகரம் காதில் விழுவதும் பெரும்பாலும் அதிலிருந்துதான். அந்தப் பெட்டி வார்த்தையை விழுங்கினால் அது எத்தனை வாட்ஸாக இருந்து என்ன பயன்?

நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான். பழைய ஆம்ப்ளிஃபையர் ஓடுகிறதா? இருக்கட்டும். போனஸில் இரண்டே இரண்டு நல்ல புத்தக அலமாரி சைஸ் ஸ்பீக்கர் வாங்குங்கள். கடைக்கு உங்கள் அம்மாவையும் அவருக்குப் பிடித்த பாட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, "என்ன பாடறாங்கம்மா?" என்று கேளுங்கள். வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னால் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த கடை.

பி.கு.: அந்த 5.1 செட்டின் வூஃபர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே மணிபிளான்ட் வைத்திருக்கிறோம், நன்றாக வளர்கிறது. அப்பா இப்போது வந்தால் ஹாலில்தான் உட்காருகிறார்.