மாறியது வேலையா, எஜமானா?

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தெருக் கூட்டிக் குப்பை அள்ளி வந்த சுமார் 2000 தொழிலாளர்களுக்கு 2025 ஜூலை மத்தியில் ஒரு விசித்திரமான உபகாரம் செய்யப்பட்டது. வேலை போய்விடவில்லையாம், இனிமேல் தனியார் கம்பெனியில் சேர்ந்து அதே வேலையைச் செய்ய வேண்டுமாம். இவர்கள் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் பேரில் வேலைக்கு வந்தவர்கள். பலர் 10 வருஷத்துக்கு மேல் உழைத்தவர்கள், பெரும்பாலோர் பெண்கள், ஜாதியோ, சொல்லத் தேவையில்லை.

சௌகார்பேட்டைக் கடைக் குப்பையும் ராயபுரத்து மீன் கழிவும் அப்படியேதான் இருந்தன. துடைப்பமும் அதேதான். எஜமான் ஒருவன்தான் புதிது. கூடவே கூலியும் புதிது. மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியது 16,000-க்கு இறங்கும் என்று தொழிலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். சந்தையில் கைமாறும் மாட்டுக்குக்கூட வாங்கினவன் தீனியைக் குறைப்பதில்லை. இந்தக் கைமாற்றத்துக்கு இவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்?

தனியார் வந்தால் நகரம் சுத்தமாகும் என்பார்கள் சிலர். 2000 ஆம் வருஷத்திலேயே ஓனிக்ஸ் என்ற கம்பெனி சென்னைக்கு வந்தது. அது போய் வேறு வந்தது. அதுவும் போய் இன்னொன்று வந்தது. அத்தனை கம்பெனிகள் மாறியும் குனிந்து கூட்டுகிறவர்களின் ஜாதி மாறிற்றா? நமது தேசத்து ஜாதி முறை இன்னாருக்கு இன்ன வேலை என்று விதித்து, அதில் மாற்றமே கூடாதென்று ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காத்தது. துடைப்பத்தை விட்டு மேஜைக்கு மாற்றல் உத்தரவு இந்த வம்சத்துக்கு வந்ததை நாம் கண்டதில்லை. கடைசியில் ஒரு மாற்றல் வந்தது. அதுவும் கூலியைக் குறைக்கும் மாற்றல்!

மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. 2019-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதம மந்திரியே ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். கொரோனாவின்போது முன்களப் பணியாளர் என்று பட்டம் சூட்டினார்கள். கழுவின காலோடு அவர்கள் அடுத்த நாள் எங்கே போனார்கள் என்பதை எந்தப் பத்திரிகை விசாரித்தது? பூஜை செய்கிற தேசத்தில் சம்பளம் கேட்கிறவன்தான் எப்போதும் பாவி.

ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். கேட்டது பணி நிரந்தரம். 13 நாள் கழித்து, நடைபாதையை விட்டு அப்புறப்படுத்தும்படி ஐகோர்ட்டார் உத்தரவிட, அன்று நடுராத்திரியில் போலீசார் பெண்கள் என்றும் பாராமல் பிடித்து வண்டிகளில் ஏற்றினார்கள். மறுநாள் மந்திரிசபை கூடித் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இலவசக் காலை உணவு, இன்ஷூரன்ஸ், வீடு என்று திட்டங்களை அறிவித்தது. உணவு கெட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் உரிமை கேட்ட வாயில் இட்லியை வைத்து அடைப்பதற்கு ராஜதந்திரம் என்று பேர் வைப்பது மகா மோசம். அப்பனுடைய கூலியை வெட்டிவிட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பண்ணையார்கள் தஞ்சை ஜில்லாவில் அந்நாளிலேயே இருந்தார்கள்!

அதே மாதத்தில் ஐகோர்ட், தனியாருக்கு விடும் தீர்மானத்தை ரத்துச் செய்ய மறுத்தது. ஆனால் கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்க்கும்படியும் சொல்லிற்று. இது வெறும் நிர்வாக மாற்றம், யாருக்கும் நஷ்டமில்லை என்று பேசியவர்களை நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: நஷ்டமில்லாத இடத்தில் கோர்ட் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன வந்தது?