அணை நிற்கிறது, சாந்து உதிர்கிறது!

கூடலூரைக் கடந்து குமுளி மலைக்கு ஏறுமுன், லோயர் கேம்பில் பென்னி குயிக்கின் மணிமண்டபத்தைக் காணலாம். கம்பம் பள்ளத்தாக்கின் உழவன் பொங்கல் நாளில் அவருக்கு மாலை சூட்டுகிறான். தன் மகனுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறான். அயல்நாட்டுப் பொறியாளர்மீது இத்தனை பற்று ஏன்? 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை, பிற்காலத்தில் வலுப்படுத்தப்பட்டு, இன்றும் இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைக் காக்கிறது. அதில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே கூறிற்று.

அதே தமிழகத்தில், தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 25 கோடி ரூபாயில் எழுந்த தடுப்பணை, 2020இல் திறக்கப்பட்டு, 2021 ஜனவரியிலேயே ஒரு புறம் உடைந்தது! அவ்வாண்டு ஆகஸ்டில், சென்னைப் புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்ககத்தில், விரல் பட்ட இடமெல்லாம் சாந்து உதிர்ந்ததை நாடு கண்டது. குடிசையை விட்டு வந்த ஏழைக்கு அரசு தந்த வீடு அது, தோழர்களே!

இத்தகைய ஒப்பந்தக்காரர்களை விலக்கு என்று மேடையில் முழங்குவது எளிது. விலக்கும் முறையில்தான் சூது நுழைகிறது. கருப்புப் பட்டியலில் சேர்க்குமுன் விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1974இல் எருசியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலவரையற்ற விலக்கு கூடாது என்று 2013இல் குல்ஜா வழக்கில் கூறிற்று. இவை குற்றவாளிக்குக் கேடயம் என்று சிலர் முணுமுணுக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அறிவிப்பின்றி, காரணமின்றி அவசரமாக எழுதப்படும் ஆணையே அவனுக்குக் கிடைக்கும் பரிசு! நீதிமன்றம் அதைத் தள்ளும். அவன் மாலையோடு திரும்பி அடுத்த ஒப்பந்தப்புள்ளியை நீட்டுவான். குறையைச் சோதித்து, எழுத்தில் கேட்டு, ஆண்டுக் கணக்கைக் குறித்து விலக்கினால் ஆணை நிற்கும். அது ஒரு துறையோடு ஒடுங்கினால் பயனில்லை; மைத்துனன் பெயரில் வருபவனையும் பற்ற வேண்டும். சாந்தில் மணலே மிகுந்திருக்க, அளவுப் புத்தகத்தில் கண்ணை மூடிக் கையொப்பமிட்ட அதிகாரியை மட்டும் விட்டுவிடுவது என்ன நீதி?

இன்னொன்று, கசப்பானது. ஒப்பந்தம் எடுப்போரில் நம் கொடியைக் காரில் கட்டியவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பரிந்து பேச எந்தத் தோழரும் ஒன்றிய அலுவலகப் படியேற வேண்டாம். மாற்றான் கட்டிய சுவர் இடிந்தால் கண்டனக் கூட்டம், நம்மவன் கட்டிய சுவர் இடிந்தால் மௌனமா?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏடுகளின் நகலை மட்டும் தரவில்லை. அரசுப் பணியை நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தந்துள்ளது. போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் உள்ள கிளைகள், தம் ஊரில் எழும் பள்ளிக் கட்டடத்துக்கு இன்றே விண்ணப்பிக்கட்டும். பூச்சு வேலை முடியுமுன் விண்ணப்பிக்கட்டும்.