அப்பாவும் 400 ஜி.எஸ்.எம்.மும்

மே மாத விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த அப்பா, முதல் ராத்திரியே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "எனக்கு ஏ.சி. ஒத்துக்காதுடா!" ஹாலில் கொசுக்கள் அவரை ஆவலுடன் வரவேற்றன.

நான் பி.காம். எடை கூடினால் மதிப்பு கூடும் என்று நம்புகிறவன். தி.நகர் கடை ஒன்றில் இருப்பதிலேயே கனமான கம்ஃபர்டரைத் தோளில் சுமந்து வந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அப்பா தொப்பலாக வியர்த்து, மறுபடி ஹாலில். "மேல யாரோ உட்கார்ந்திருக்காப்ல இருக்குடா."

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரப் பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை. புத்தி மட்டும் இலவசமாகக் கொடுத்தார்.

"ஏ.சி. எத்தனையில வைக்கறீங்க?"

"பதினெட்டு."

"காசு கொடுத்துக் குளிரை வரவழைச்சு, காசு கொடுத்து அதைத் துரத்தறீங்க. அப்படித்தானே சார்?"

டபுள் என்ட்ரியில் இரண்டு பக்கமும் நஷ்டம். எந்த வாத்தியாரும் சொல்லித்தராத கணக்கு.

போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாதாம். உள்ளே இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே கனத்தைப் பார்க்காதீர்கள், உப்பலைப் பாருங்கள். கையால் அமுக்கி விட்டால் பழையபடி எழவேண்டும். லேபிளில் ஜி.எஸ்.எம். என்று இருப்பது, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. நம்மூர் ஏ.சி. அறைக்கு 120 தாராளம். நான் சுமந்தது 400! வெளிநாட்டு 'டூவே' என்றால் 'டாக்' பாருங்கள். 4.5 வெயில் காலத்துக்கு, 13.5 கடுங்குளிருக்கு. டூவேக்குத் தலையணை மாதிரி தனி உறை உண்டு. அதை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். மேல்துணி பருத்தியாக இருக்கட்டும். தையல் கட்டம் கட்டமாக ஓடவேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பஞ்சு மொத்தமும் கால்மாட்டில் குடியேறிவிடும்.

120-ல் ஒன்று வாங்கினேன். 400 பரணுக்குப் போனது. ஏ.சி.யை 24-க்கு ஏற்றினேன். 2020 முதல் நட்சத்திர முத்திரை ஏ.சி.க்கள் 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. தினமும் பட்டனை அமுக்கி அமுக்கி இறக்கியது அடியேன்தான்.

அன்று அப்பா காலை ஆறு வரை அசையவில்லை.

"ஏ.சி. இப்ப ஒத்துக்குதாப்பா?"

"ஏ.சி. எப்பவுமே ஒத்துக்கும்டா. நீ வச்ச குளிர்தான் ஒத்துக்கலை."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்கடா கேட்டே? நேரா கடைக்கில்ல போனே!"