தனித்து நின்றது எந்தப் பல்கலைக்கழகம்?

அமெரிக்காவின் வரலாற்றுவழிக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தியக் கல்விப்புலத்தில் இரண்டு கூற்றுகள் தவறாமல் எழுகின்றன. அவை இனப்பிரிவினையின் எச்சங்கள் என்பது ஒன்று. வெள்ளையரின் கருணையால் பிழைத்திருந்தவை என்பது மற்றொன்று. இவற்றைக் கூறுவோரில் பலர் சமத்துவத்தில் மெய்யான பற்றுடையவர்கள். ஆகவேதான் இவ்விரண்டையும் மறுக்காமல் விடுவதற்கில்லை. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் ஒன்றே மறுப்புக்குப் போதுமானது.

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டில், 1866 ஜனவரியில், படையினர் விட்டுச்சென்ற மருத்துவமனைக் கொட்டகைகளில் ஃபிஸ்க் பள்ளியாகத் தொடங்கியது. நிறத்தின் பெயரால் அது எவரையும் விலக்கவில்லை. அதே நகரில் 1875இல் வகுப்புகளைத் தொடங்கிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமோ, பத்து லட்சம் டாலர் கொடையின் மேல் எழுந்தது. முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள 1953 வரையும், இளநிலைப் படிப்பில் அவர்களை அனுமதிக்க 1964 வரையும் எடுத்துக்கொண்டது. இடையே, 1901இல், டென்னஸி மாநிலச் சட்டம் தனியார் கல்லூரிகளிலும் இரு இனத்தவரும் சேர்ந்து பயில்வதைத் தடைசெய்தது. பூட்டிய கதவு ஓரிடத்தில் இருக்க, பழி வேறிடத்தில் சுமத்தப்படுகிறது. வாண்டர்பில்ட்டை எவரும் 'வரலாற்றுவழி வெள்ளையினப் பல்கலைக்கழகம்' என்று அழைப்பதில்லை; அதற்கு அடைமொழி தேவைப்படுவதே இல்லை.

1960இலும் இந்த வேறுபாடு மறையவில்லை. நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் சில ஆண்டுகள் பணியாற்றி, காந்தியின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் மாணவர்களுக்கு அறப்போராட்டப் பயிற்சி அளித்தார். அவர் பயின்ற வாண்டர்பில்ட் அவரை வெளியேற்றியது. அவரிடம் பயிற்சி பெற்ற ஃபிஸ்க் மாணவி டயேன் நாஷ், நகரசபைப் படிக்கட்டில் மேயரை நேருக்கு நேர் வினவி, பாகுபாடு தவறென்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார்.

இனி, கருணை என்னும் வாதம். அமெரிக்க மிஷனரிச் சங்கத்தின் பணத்தையும் ஆசிரியர்களையும் மறைத்துவிட்டு ஃபிஸ்கின் வரலாற்றை எழுத முடியாது. ஆனால் கடன் கழுத்தை நெரித்த 1871இல் அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது, பொருளாளர் ஜார்ஜ் ஒயிட்டுடன் ஊர் ஊராகச் சென்று பாடிய ஒன்பது மாணவர்களின் குரல். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். இங்கிலாந்து வரை சென்று அவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இல் நிறைவுற்றது. அதைக் கருணை என்பவர்கள் உழைப்புக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

கொடைகள் நிபந்தனைகளோடு வந்தபோது மாணவர்கள் பணிந்து போகவும் இல்லை. தலைவர் ஃபயெட் மெக்கன்சி பெரும் நிதி திரட்டிய காலத்திலேயே மாணவர் இதழை நிறுத்தினார். உடையையும் நடத்தையையும் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். 1888இல் அங்கே பட்டம் பெற்ற டுபாய்ஸ், 1924இல் அதே வளாகத்தில் நின்று இதைக் கண்டித்துப் பேசினார். (அந்த டுபாய்ஸையே, ஃபிஸ்க் பட்டத்தை முழுமையானதாக மதிக்காமல், ஹார்வர்ட் மீண்டும் இளநிலை மாணவராகத்தான் சேர்த்துக்கொண்டது.) 1925இல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர்; மெக்கன்சி காவல்துறையை அழைத்தார்; சில வாரங்களில் பதவி விலகினார். ஆயினும் முதல் கறுப்பினத் தலைவராகச் சார்லஸ் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்பட 1946 வரை காத்திருக்க நேர்ந்தது.

மொழியியல் மாணவர்கள் ஃபிஸ்கை அறியாதிருப்பதற்குச் சாக்கே இல்லை. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளின் கல்லா மொழியை, ஆங்கில உழவர் பேச்சின் சிதைந்த வடிவமென்றே இருபதுகளின் அறிஞர்கள் எழுதிவந்தனர். தமிழில் எழுதுகையில் அப்பெயர் கல்லாமையை நினைவூட்டுவது தற்செயல். அறிஞர்கள் அதைக் கல்லாதார் பேச்சாகக் கருதியது தற்செயலன்று. தீர்ப்பளித்தோர் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளை அறிந்திருக்கவில்லை. 1929 முதல் 1946 வரை ஃபிஸ்கில் ஆங்கிலத் துறைக்குத் தலைமை வகித்த லோரென்சோ டவ் டர்னர், 1932 முதல் ஒலிப்பதிவுக் கருவியுடன் அத்தீவுகளுக்குச் சென்றார். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்க லண்டனுக்கும் போனார். அத்தீவு மக்கள் பள்ளியிலும் அந்நியரிடமும் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, வீட்டில் வேறு பெயரால் அழைத்துக்கொள்வதை அவர் கண்டார். முந்தைய ஆய்வாளர்களின் காதில் விழாதவை அந்த வீட்டுப் பெயர்களே. அவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 மேற்கு ஆப்பிரிக்கச் சொற்களை அவர் திரட்டினார். வெள்ளையரைக் குறிக்கும் 'பக்ரா' அவற்றுள் ஒன்று. அதன் மூலம் இபிபியோ, எஃபிக் மொழிகளின் 'ம்பகாரா'.

தரவு ஆய்வாளரின் தோள்மீது கைபோட்டுப் பேசுவதில்லை. தன்னை இகழாதவரிடம்தான் வாய் திறக்கிறது. டர்னருக்கு அது திறந்தது. அந்த ஆய்வாளருக்கு ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் பணியும் களமும் அளித்த நிறுவனத்தை 'எச்சம்' என்பவர்கள், அக்காலத்தில் வேறு எந்தத் தென்மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு கறுப்பின மொழியியலாளருக்குத் துறைத்தலைமை அளித்திருக்கும் என்று கூறட்டும்.

கிரியோல் மொழிகளைப் பற்றிய பாடத்திட்டங்களில் டர்னரின் நூல் இடம்பெறும்போது, 1949 என்ற ஆண்டும் சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் பெயரும் தவறாமல் எழுதப்படுகின்றன. அந்நூலுக்கான களப்பணி நிகழ்ந்த ஆண்டுகளில் அவர் பாடம் நடத்திய வளாகத்தின் பெயருக்கு அங்கே ஒரு வரி கூட இல்லை.