ஒல்லியாக இருந்தால்தான் மாரத்தான் ஓட முடியுமா? உடல்வாகும் ஓடும் ஸ்டைலும் சொல்லும் உண்மை!

2004 ஆகஸ்ட் 22. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான். மாரத்தான் என்ற ஊரிலேயே தொடங்கி, ஏதென்ஸ் நகரின் பழைமையான பளிங்கு ஸ்டேடியத்தில் முடியும் பாதை. போட்டி மாலை 6 மணிக்குத்தான் தொடங்கியது. ஆனாலும் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருந்தது.

பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப்தான் ஜெயிப்பார் என்பது பலரின் கணிப்பு. முந்தைய ஆண்டுதான் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். ஆனால், சுமார் 36-வது கிலோமீட்டரில் அவர் கால்கள் நின்றுவிட்டன. சாலையோரம் உட்கார்ந்து அழுதார். தங்கத்தைத் தட்டிச்சென்றவர் ஜப்பானின் மிசுகி நொகுசி. நேரம் 2:26:20.

நொகுசியின் உயரம் 150 செ.மீ, எடை சுமார் 40 கிலோ. ராட்கிளிஃப் 173 செ.மீ, சுமார் 54 கிலோ. அன்றைய தோல்விக்கு உடல்வாகு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காலில் ஏற்பட்ட காயமும், அதற்கு எடுத்த மருந்து வயிற்றைப் படுத்தியதும் காரணம் என ராட்கிளிஃபே பின்னர் விளக்கினார். இரண்டரை மாதத்தில் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தும் காட்டினார். ஆனால், அந்த மாலையில் வெயில் யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மாரத்தான் ஓட ஆசைப்படும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது.

வெயிலில் உடல் போடும் கணக்கு

சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தோராயமாக 1 கலோரி செலவாகும். அதன்படி 50 கிலோ எடையுள்ளவர் 42.195 கி.மீ ஓடி முடிக்க சுமார் 2,100 கலோரி தேவை. 85 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 3,600 கலோரி. இந்தச் சக்தியில் பெரும்பகுதி ஓட்டமாக மாறுவதில்லை, வெறும் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு தோல் வழியாக வெளியேற வேண்டும்.

சமையலறையில் இதைத் தினமும் பார்க்கலாம். குண்டான் நிறைய இருக்கும் சாதம் ஆற நேரமாகும். அதையே தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். சாதம் அதேதான், காற்று படும் பரப்புதான் கூடியிருக்கிறது. உடலும் அப்படித்தான். மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, 165 செ.மீ உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு சுமார் 307 சதுர செ.மீ தோல் பரப்பு கிடைக்கிறது. 175 செ.மீ உயரமும் 85 கிலோ எடையும் உள்ளவருக்கு சுமார் 236 சதுர செ.மீ மட்டுமே. அவருக்குச் சூடும் அதிகம் உண்டாகிறது, அதை வெளியேற்றும் வாசலும் சிறியது.

தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை 1990-களின் இறுதியில் விரிவாக ஆராய்ந்தார்கள். குளிரான சூழலில் சிறிய உடலுக்கும் பெரிய உடலுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சூடும் ஈரப்பதமும் ஏற ஏற, பெரிய உடல்காரர்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டிய நிலை வருகிறது. அவர்களின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்.

கடலோர ஊர்களில் ஓடுபவர்களுக்கு இது முக்கியம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வியர்வை வழிவதால் உடல் குளிராது, ஆவியானால்தான் குளிரும். சென்னை, மும்பை மாரத்தான்கள் ஜனவரியில், பொழுது விடியும் முன்பே தொடங்குவதற்குக் காரணமும் இதுதான். மே மாதப் பயிற்சியில் பக்கத்தில் ஓடும் ஒல்லியான நண்பர் முந்திச் செல்கிறாரா? அதற்கு மனஉறுதிக் குறைவு காரணமில்லை. இது இயற்பியல். அன்று வேகத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

உயரமா, எடையா, கெண்டைக்காலா?

அப்படியானால் சின்ன உடல் இருந்தால் போதுமா? சாம்பியன்களின் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கங்களும் பெர்லினில் இரண்டு உலக சாதனைகளும் படைத்த கென்யாவின் எலியுட் கிப்சோகே 167 செ.மீ உயரம், 52 கிலோ எடை. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 165 செ.மீ. ஆனால், 1983-ல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக தடகள சாம்பியன்ஷிப்பில் மாரத்தான் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ராபர்ட் டி காஸ்டெல்லா 180 செ.மீ உயரமும் கட்டுமஸ்தான கால்களும் கொண்டவர். ராட்கிளிஃபின் உலக சாதனையை 16 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2019-ல்தான் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கே அதை முறியடித்தார்.

உயரத்தைவிட ஆய்வாளர்களின் கவனத்தை அதிகம் ஈர்த்தது, எடை உடலில் எங்கே இருக்கிறது என்பதுதான். காலணியின் எடை 100 கிராம் கூடினால், ஓடத் தேவைப்படும் ஆக்ஸிஜன் சுமார் 1 சதவிகிதம் கூடுகிறது. அதே 100 கிராமை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினால் பெரிதாகத் தெரியாது. கால் என்பது இடுப்பிலிருந்து தொங்கும் ஊஞ்சல் மாதிரி. நுனியில் கனம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதை வீசி முன்னால் கொண்டுவர அதிக சக்தி வேண்டும். மாரத்தானில் இப்படி பல்லாயிரம் அடிகள்.

டென்மார்க்கில் பணியாற்றிய பெங்க்ட் சால்டின் குழுவினர் கென்ய ஓட்டக்காரர்களை ஆராய்ந்தபோது கவனித்ததும் இதைத்தான். அவர்களின் கெண்டைக்கால் மெலிந்து, லேசாக இருந்தது. ஆனால், மெலிந்த கெண்டைக்கால் உள்ள எல்லோரும் சாம்பியன் ஆவதில்லை. மலைப்பகுதி வாழ்க்கை, சிறு வயதிலிருந்தே ஓட்டம், பல ஆண்டுப் பயிற்சி என எல்லாம் சேர்ந்துதான் ஒரு கிப்சோகே உருவாகிறார்.

எடையைக் குறைத்தால் வேகம் கூடுமா?

இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது. 'எடை குறைந்தால் வேகம்' என்ற பாதி உண்மையை நம்பி, பயிற்சியைக் கூட்டி சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. கூடுதல் கொழுப்பு உள்ளவர் நிதானமாக எடை குறைத்தால் ஓட்டம் எளிதாகும் என்பது சரி. ஆனால், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் மேலும் குறைத்தால் கதை தலைகீழாகும். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது ஹார்மோன்கள் குறையும், எலும்பு பலவீனமாகும், எலும்பில் மெல்லிய விரிசல்கள் வரும், அடிக்கடி நோய் தொற்றும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதை ஒரு தனிப் பிரச்னையாகவே வரையறுத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும்.

ஓட்டப் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ, நின்றுபோனாலோ 'ட்ரெய்னிங்ல இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடக் கூடாது. உடல் பட்டினி கிடப்பதற்கான முதல் அறிகுறியாக அது இருக்கலாம். வளரும் வயதுப் பிள்ளைகளிடம் 'இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா மெடல்' என்று சொல்லும் முன் பெற்றோரும் பயிற்சியாளரும் இதை யோசிக்க வேண்டும்.

அழகாக ஓடினால்தான் வெற்றியா?

அடுத்தது ஸ்டைல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜடோபெக் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கையோடு மாரத்தானிலும் இறங்கினார். அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை. அதிலும் தங்கம்! ஆனால், அவர் ஓடுவதைப் பார்த்தவர்கள் பரிதாபப்படுவார்கள். தலை ஒருபக்கம் சாயும், தோள் குலுங்கும், முகம் வலியில் கோணும். கெப்ரசெலாசியின் இடது கை மடங்கியபடியே இருக்கும். சிறுவயதில் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடியதால் வந்த பழக்கம் அது. ராட்கிளிஃபோ ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே ஓடுவார்.

ராட்கிளிஃபின் உடலைப் பல ஆண்டுகள் பரிசோதித்தவர் பிரிட்டனின் உடலியல் நிபுணர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். 1992 முதல் 2003 வரையிலான அளவீடுகளை அவர் வெளியிட்டபோது ஒரு ஆச்சர்யம் தெரிந்தது. உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. மாறியது, 'ரன்னிங் எக்கானமி'. அதாவது, வண்டிக்கு மைலேஜ் மாதிரி. அதே வேகத்தில் ஓட அவர் உடல் கேட்ட ஆக்ஸிஜன் சுமார் 15 சதவிகிதம் குறைந்திருந்தது. தலையாட்டல் மட்டும் அப்படியே இருந்தது!

அப்போ ஸ்டைல் முக்கியமே இல்லையா?

அப்படியும் இல்லை. 2017-ல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 97 ஓட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கொருவர் மைலேஜில் இருக்கும் வித்தியாசத்தில் 39 சதவிகிதத்தை மூன்று விஷயங்களால் விளக்க முடிந்தது. கால் தரையில் இருக்கும்போது இடுப்பு எவ்வளவு மேலும் கீழும் போகிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, ஒவ்வொரு அடியிலும் வேகம் எவ்வளவு 'பிரேக்' ஆகிறது. பாதம் உடலுக்கு வெகுமுன்னால் போய் விழுந்தால் அதுவே பிரேக்தான்.

கை வீச்சுக்கும் பங்கு உண்டு. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியவர்களுக்கு 3 சதவிகிதமும், மார்பின் குறுக்கே கட்டியவர்களுக்கு 9 சதவிகிதமும், தலைமேல் வைத்தவர்களுக்கு 13 சதவிகிதமும் கூடுதல் சக்தி செலவானது. கைகள் சும்மா ஆடுவதில்லை. கால்களின் முறுக்கைச் சமன் செய்கின்றன.

இன்னொரு பிரபல அட்வைஸ், 'குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது' என்பது. ஜப்பானின் சப்போரோ சர்வதேச அரை மாரத்தானில் 15-வது கிலோமீட்டரில் கேமரா வைத்து 283 ஓட்டக்காரர்களைப் படம்பிடித்தார்கள். சுமார் 75 சதவிகிதம் பேர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். இந்தியாவின் ஷிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் புகழ்பெற்றவர். 1978-ல் ஜலந்தரில் அவர் எடுத்த 2:12:00 என்ற தேசிய சாதனை 40 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அது அவர் கால்களுக்குப் பழகிய விஷயம். வீடியோ பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் முன்பாதத்துக்கு மாறினால், முழங்காலில் இருந்த பாரம் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகும். வலியும் அங்கே போகும்.

180 என்ற மந்திர எண்

நிமிடத்துக்கு 180 அடிகள் வைக்க வேண்டும் என்ற கணக்கு, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியதிலிருந்து வந்தது. அவர் எண்ணியது உலகின் மிகச் சிறந்தவர்களை, அதுவும் போட்டி வேகத்தில். மெதுவாக ஓடும் ஒருவர் 165 வைப்பதில் தவறு இல்லை.

ஆனால், முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 சதவிகிதம் கூட்டியபோது முழங்காலிலும் இடுப்பிலும் விழும் பாரம் குறைந்தது. 160 அடிகள் வைப்பவர் 168-க்கு முயன்றால் போதும். 180-க்குத் தாவ வேண்டாம்.

என்ன செய்யலாம்?

இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் புதிதாக ஓடத் தொடங்கிய பெண்களை 10 வாரங்கள் கவனித்தார்கள். யாரும் அவர்களுக்கு ஸ்டைல் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவர்களின் மைலேஜ் 8 சதவிகிதத்துக்கு மேல் மேம்பட்டது. உடலே தனக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அதற்குத் தேவை அவகாசம்.

* வலி எதுவும் இல்லாமல் ஓடுகிறீர்கள் என்றால், ஸ்டைலை மாற்ற அவசியமில்லை. வாரா வாரம் விடாமல் ஓடுவதே போதும்.

* மாற்ற வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சில நிமிடங்களில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக மாற்றுங்கள். அடியைக் கொஞ்சம் சிறிதாக்குவது நல்ல தொடக்கம்.

* தோளைத் தளர்த்தி, கைகளை இயல்பாக வீசுங்கள்.

* கனமான உடல்வாகு என்றால் வெயில் நாளில் இலக்கு நேரத்தை மறந்துவிடுங்கள். அதிகாலையில் ஓடுங்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், குழப்பம் தெரிந்தால் உடனே நின்று, நிழலில் உடலைக் குளிர்வித்து, மருத்துவ உதவி கேளுங்கள்.

* 40 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

உலக சாதனைக்கு வேண்டுமானால் பிறவியில் கிடைத்த உடல்வாகு தேவைப்படலாம். 42 கிலோமீட்டரை ஓடி முடிப்பதற்கு, இருக்கிற உடலோடு சில மாதங்கள் பொறுமையாகப் பழகினாலே போதும். பக்கத்தில் ஓடுபவரின் காலைப் பார்க்காமல் உங்கள் வேகத்தில் ஓடுங்கள்!