மூன்று கிலோ பறித்தால் ஒரு கிலோ

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை ஏறி முடிப்பதற்குள் என் சின்னவளுக்கு இரண்டு முறை வாந்தி. ஆனால், தோட்டத்தில் இறங்கியதும் முதலில் ஓடியவளும் அவள்தான்.

மிளகு ஏதோ செடியில் காய்க்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்! அது கொடி. வெற்றிலைக்கு நெருங்கிய சொந்தம். இலையைப் பார்த்தாலே தெரிகிறது. காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கிறது.

"விதை போடறதில்லக்கா. கொடியை வெட்டிப் பதியம் போட்டு, மழைக்காலத்துல மரத்தடியில நடுவோம். மூணு வருஷம் ஆகும் காய்க்க" என்றார் தோட்டக்கார அண்ணன். ஜூன், ஜூலை மழையில் சரம் விட்டுப் பூக்கும். அந்த நேரத்தில் மழை விட்டு வெயில் காய்ந்தால், பூ உதிர்ந்துவிடும். தப்பித்தது ஜனவரிக்கு மேல் அறுவடைக்கு வரும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம். ஏணியில் ஒருவர் ஏற, இன்னொருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும்.

பச்சையாக உதிர்த்து வெயிலில் காயவைத்தால் கறுப்பு மிளகு. பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. இரண்டும் ஒரே கொடிதான். மூன்று கிலோ பறித்தால், காய்ந்து ஒரு கிலோதான் தேறுமாம்.

ஓர் ஓரத்தில் வரிசையாகப் பத்துப் பதினைந்து மரங்கள் கொடியில்லாமல் நின்றன. கேட்டதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. போன மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, வாடல் நோய் வந்துவிட்டதாம். "ஆறு வருஷக் கொடிக்கா. இலை மஞ்சளாச்சு, கொட்டுச்சு. இருபது நாள்ல எல்லாம் போச்சு." பக்கத்துக் கொடிகளுக்குப் பரவாமலிருக்க, வேரோடு பிடுங்கி எரித்திருக்கிறார்கள். இப்போது தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறார் அவர் மனைவி. வரும் மழைக்கு மறுபடி நடப்போகிறார்களாம். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். அதில் காய் பார்க்க இன்னும் மூன்று வருஷம்.

சின்னவள் அதற்குள் ஒரு பச்சை மிளகைக் கடித்துவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர் தேடி ஓடினாள்.

அரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடையில இதைவிடக் கம்மிதானேடி?"