செயலியில் முதலில் சோதிக்க வேண்டியது எது?

2020 மே மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், பிரிட்டிஷ் அரசு ஒரு கைப்பேசிச் செயலியை வெள்ளோட்டம் விட்டது. யார் அருகில் யார் இருந்தார்கள் என்பதைப் புளூடூத் அலைகளைக் கொண்டு கைப்பேசிகளே குறித்துவைத்துக்கொள்ளும். ஒருவருக்குக் கொரோனா உறுதியானால், அவர் அருகில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போகும். திட்டம் அவ்வளவுதான். ஜூன் 18 அன்று அரசு அந்தச் செயலியைக் கைவிடுவதாக அறிவித்தது. அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 75 சதவீதத்தைக் கண்டுகொண்ட அந்தச் செயலி, ஐபோன்களில் 4 சதவீதத்தைத்தான் கண்டுகொண்டது.

செயலி ஒன்றைத் தொடங்க நினைக்கும் எவரும், அவர் கல்லூரி மாணவரானாலும் கடை உரிமையாளரானாலும், இந்த 4 சதவீதம் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. தனியார் நிறுவனங்களின் செயலிகள் தோற்றால் காரணம் வெளியே வருவதில்லை. கொரோனா காலத்தில் நிலைமை வேறு. பல நாடுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே வேலைக்காக, மக்கள் பணத்தில் செயலிகளைக் கட்டின. அவற்றின் குறைகளும் மக்கள் முன்னிலையிலேயே அலசப்பட்டன. இப்படியொரு பாடம் இந்தத் துறைக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

ஐபோனில் ஒரு செயலி திரையில் இருக்கும் வரைதான் அதற்கு முழுச் சுதந்திரம். வேறு செயலிக்குப் போனாலோ, திரையை அணைத்துப் பைக்குள் வைத்தாலோ, சற்று நேரத்தில் இயங்குதளம் அதை உறங்கவைத்துவிடும். அந்த நிலையில், புளூடூத் வழியே தன் இருப்பை அறிவிக்கும் வேலை மிகவும் சுருக்கப்பட்டுவிடும். பேட்டரியைக் காக்கவும், பயனர் அறியாமல் அவரைப் பின்தொடர்வதைத் தடுக்கவும் ஆப்பிள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவர் பையிலும் திரை அணைந்த ஐபோன் இருக்கிறது என்றால், இப்படிப்பட்ட செயலி வழியே அந்த இரண்டு கைப்பேசிகளும் ஒன்றையொன்று அறியாமலே போகலாம். நோய் பரவும் இடமோ அதே பேருந்துதான்.

இது அப்போது யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. சிங்கப்பூர் மார்ச் 20 அன்றே தன் டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டிருந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் செயலியைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்ல வேண்டியிருந்தது. ஏப்ரல் 10 அன்று ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, இதே வேலையை இயங்குதளத்துக்குள்ளிருந்தே செய்யும் வழியைத் தரப்போவதாக அறிவித்தன. ஒரு நிபந்தனை இருந்தது. யார் யாரைச் சந்தித்தார் என்ற விவரம் அரசின் சர்வரில் குவியாமல், அவரவர் கைப்பேசியிலேயே இருக்க வேண்டும். பிரிட்டிஷ் குழு தன் வழியிலேயே போனது. தகவல் ஓரிடத்தில் சேர்ந்தால் நோய் பரவும் விதத்தை ஆராய உதவும் என்பது அவர்கள் எண்ணம். அந்த நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் அந்த நோக்கம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியின் மேல் நின்றது: திரை அணைந்த ஐபோன், திரை அணைந்த இன்னொரு ஐபோனைக் காணுமா? இதற்கு விடை தேட முகப்புத் திரை வேண்டாம், அழகான பட்டன்கள் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். சில கைப்பேசிகளும் ஒரு சின்ன சோதனை நிரலும் போதும்.

செயலி கட்டுபவர்கள் சறுக்கும் இடங்களில் முதன்மையானது இதுதான் என்பது என் கருத்து. எது எளிதோ அதிலிருந்து தொடங்குகிறோம். உள்நுழையும் பக்கம், லோகோ, நிறம், மெனு என்று வேலை வேகமாக நகர்கிறது. பார்ப்பவர்களுக்கும் பாதி முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. எது இல்லாவிட்டால் செயலியே இல்லையோ, அந்த வேலை கடைசி மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி என்றால், ஓட்டுநரின் கைப்பேசி சட்டைப் பையில் கிடக்கும்போதும் இருப்பிடத்தை விடாமல் அனுப்புகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி என்றால், இரவு முழுக்கத் தொடாமல் கிடந்த கைப்பேசியில் காலை 6 மணிக்கு மணி அடிக்கிறதா என்பது.

ஆண்ட்ராய்டில் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செயலி எழுதுபவர் எந்தக் கைப்பேசியிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்தான். வீட்டுக்காரர் விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடத் தொடங்கியது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல், அறிவிப்பு அனுப்பவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. கைப்பேசி நிறுவனங்கள் இதற்கு மேல் தங்கள் சொந்த பேட்டரிச் சிக்கன ஏற்பாடுகளையும் சேர்த்துக்கொள்கின்றன. ஜெர்மனியின் கொரோனா செயலி இதில் அடிபட்டது. எஸ்ஏபி, டாய்ச்சே டெலிகாம் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் கட்டி, மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி திறந்துவைத்து, 2020 ஜூன் 16 அன்று வெளியான செயலி அது. ஆப்பிளும் கூகுளும் தந்த வழியைத்தான் அதுவும் பின்பற்றியது. இருந்தும், சில சாம்சங், ஹுவாவே கைப்பேசிகளில் சிக்கன ஏற்பாடு அதன் பின்னணி வேலையை நிறுத்திவைத்ததும், எச்சரிக்கைச் சோதனை ஒழுங்காக நடக்காததும் ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தன.

எனவே, நிரலாளரின் மேசையில் இருக்கும் புதிய கைப்பேசியில் ஓடுகிறது என்பது பாதிச் சான்றுகூட ஆகாது. உங்கள் பயனர்கள் கையில் உண்மையில் இருப்பவற்றில் நாலைந்து வகை கைப்பேசிகளைத் திரட்டுங்கள். மூன்று நான்கு வருடம் பழையது, சேமிப்பிடம் நிரம்பியது, திரை கீறியது, பேட்டரிச் சிக்கனம் போடப்பட்டது, சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பது. அவற்றில் செயலியைப் போட்டு, ஒரு வாரம் அவர்கள் போக்கில் புழங்க விடுங்கள். தமிழில் வரும் செயலியானால் எழுத்தையும் அங்கேயே பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனுக்குள் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும்; வரி உயரம் போதாமல் மேல் விலங்கும் கீழ் விலங்கும் மறையும். வயதானவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் இது இரட்டிப்பாகும்.

செயலிக் கடைகளின் விதி இன்னொரு பள்ளம். 2021 ஏப்ரலில், கைவிடப்பட்ட முதல் செயலிக்குப் பதிலாக இங்கிலாந்தும் வேல்ஸும் பயன்படுத்திய புதிய செயலியின் ஒரு அப்டேட்டை ஆப்பிளும் கூகுளும் நிறுத்திவைத்தன. தொற்று உறுதியானவர்கள் போய்வந்த இடங்களின் பட்டியலைப் பகிர வைக்கும் வசதி அதில் இருந்தது. இருப்பிடத் தகவலைச் சேகரிக்கக் கூடாது என்ற அந்த நிறுவனங்களின் நிபந்தனையை அது மீறியது. ஓர் அரசுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? 2018 அக்டோபரில் கூகுள், குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் படிக்கும் அனுமதியைப் பெரும்பாலான செயலிகளுக்கு மறுக்கும் கொள்கையை அறிவித்தது. வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்து வரவு செலவு காட்டுவது போன்ற வசதிகளை நம்பியிருந்தவர்கள், விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் அந்த வசதியை எடுத்துவிட வேண்டியிருந்தது. புதிதாகத் தனிநபர் கணக்கில் ப்ளே ஸ்டோருக்கு வருபவர்கள், 12 பேரையாவது சேர்த்து, தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பிறகே செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும் என்பதும் இன்றைய விதி. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழ் அடித்த பிறகு இந்த விதியைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கொள்கைப் பக்கங்களை வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். அலுப்பான வாசிப்புதான், ஆனால் தள்ளிப்போடக் கூடியதல்ல.

இங்கிலாந்தின் அந்தப் புதிய செயலி 2020 செப்டம்பர் 24 அன்று வந்தது. நுட்பம் இந்த முறை சரி. ஆனால் மருத்துவமனை ஆய்வகங்களில் எடுத்த பரிசோதனைகளின் முடிவை அதில் பதிய முதல் சில நாட்களுக்கு வழியில்லாமல் இருந்தது. செயலியை மட்டும் பார்த்தால் குறை தெரியாது. பரிசோதனை எங்கே நடக்கிறது, முடிவு யார் வழியாக எந்த வடிவில் நோயாளியிடம் வருகிறது என்று வேலையின் பாதையில் கடைசி வரை நடந்து பார்த்தால்தான் தெரியும்.

அதைவிடக் கவலை தருவது அடுத்த பிழை. ஆபத்தைக் கணக்கிடும் முறையை மேம்படுத்தியபோது, எச்சரிக்கை விடுப்பதற்கான எல்லை மதிப்பையும் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம், எச்சரிக்கை போயிருக்க வேண்டிய பலருக்குப் போகவில்லை. செயலி முடங்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை, பயனர்களுக்குப் புகார் சொல்லவும் ஒன்றுமில்லை, ஏனென்றால் வராத எச்சரிக்கையை யாரும் உணர முடியாது. சத்தமில்லாத இந்த வகைத் தவறுகளைப் பற்றி நம் நிரலாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. செயலி முடங்கினால் அறிக்கை வரும்படி எல்லோரும் ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை நினைவூட்டல் போக வேண்டும், இத்தனை ஆர்டர் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எழுதிவைத்து, எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் யாராவது ஒருவரை எழுப்பும் ஏற்பாடு சிலரிடம்தான் இருக்கிறது. அது எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

அடுத்து, தகவல். டிரேஸ்டுகெதர் சேகரிக்கும் விவரம் தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று சிங்கப்பூர் அரசு முதலில் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறையும் அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. கடுமையான குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே என்று வரம்பு கட்டும் சட்டம் பிப்ரவரியில் நிறைவேறியது. செயலி கட்டியவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல இங்கே பிரச்சினை. தகவல் ஓரிடத்தில் இருக்கிறது என்றால், அதைக் கேட்கும் உரிமை பெற்றவர்கள் பிறகு வருவார்கள். சேகரிக்காத தகவலை எந்தச் சட்டத்தாலும் கேட்க முடியாது, எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. டியூஷன் சென்டருக்குச் செயலி செய்பவர் பிறந்த தேதி, வீட்டு முகவரி, புகைப்படம் என்று படிவத்தை நிரப்புவதற்கு முன், ஒவ்வொரு கட்டத்துக்கும் எதற்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கட்டங்களுக்குப் பதில் இருக்காது. அவற்றை எடுத்துவிடுங்கள்.

செயலிதான் சரியான வழியா என்பதையும் தயங்காமல் கேட்கலாம். சிங்கப்பூர், ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்காக 2020 ஜூன் இறுதியில் பையில் போட்டுக்கொள்ளும் சிறு கருவிகளை வழங்கத் தொடங்கியது. பிறகு அவற்றை எல்லோருக்கும் கொடுத்தது. ஐபோன் சிக்கலும் அந்தக் கருவிக்கு இல்லை. ஆரோக்கிய சேது செயலியை ஏப்ரலில் கொண்டுவந்த இந்தியா, சாதாரண கைப்பேசி வைத்திருப்பவர்களுக்காக மே மாதத்தில் 1921 என்ற எண்ணைத் தந்தது. மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்துக் கேள்வி கேட்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் 200 பேர், எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குச் செயலி தேவையா என்று யோசியுங்கள். கட்டி முடித்தாலும் செலவு நிற்காது. ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்தச் சொல்லிக் கூகுள் கேட்கும்.

ஆஸ்திரேலியாவின் கோவிட்சேஃப் செயலிக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவானது. 79 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். தொடர்பறியும் பணியாளர்களால் கண்டுபிடிக்க முடியாமல், செயலியால் மட்டும் கண்டறியப்பட்ட தொற்றாளர்கள் 2 பேர் என்று, 2022 ஆகஸ்டில் அதை நிறுத்தியபோது அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சொன்னார். ஐபோனின் பின்னணிச் சிக்கல் அதற்கும் இருந்தது. நல்லெண்ணத்தோடு பதிவு செய்த அந்த 79 லட்சம் பேரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செயலி செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தவணையை வடிவமைப்புப் படங்களுக்காகக் கொடுக்காதீர்கள். இந்தச் செயலி எந்த ஒன்றைச் செய்யாவிட்டால் பயனற்றதோ, அதை மட்டும் உங்கள் வாடிக்கையாளர் ஐந்து பேரின் சொந்தக் கைப்பேசியில், திரை அணைந்த நிலையில், ஒரு வாரம் செய்து காட்டிய பிறகே முதல் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.